அடி இங்கே, ஒலி எங்கே?

மாசி மாதம் காமன் கூத்து நடக்கும் தோட்டங்களில் தப்புக்காரர்கள் வட்டமாக நின்று அடிப்பார்கள். எதிரெதிரே நிற்கும் இருவருக்கு இடையில் மூன்றரை மீற்றர் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் அடித்த அடி மற்றவர் காதுக்குப் போய்ச் சேரப் பத்து மில்லிசெக்கன் ஆகிறது. காற்றில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 343 மீற்றர் போகிறது. அதாவது ஒரு மில்லிசெக்கனுக்கு 34 சென்ரிமீற்றர். இந்தப் பத்து மில்லிசெக்கனை அடிக்கிறவர்களும் உணர்வதில்லை, ஆடுகிறவர்களும் உணர்வதில்லை. அடி ஒன்றாகவே விழுகிறது.

அதே தப்பொலி பள்ளத்தாக்கைக் கடந்து 680 மீற்றர் தள்ளியுள்ள எதிர்மலை லயத்துக்குப் போக இரண்டு செக்கன் எடுக்கிறது. பசறை, மடுல்சீமை, அப்புத்தளைச் சரிவுகளில் இது சாதாரணத் தூரம். எதிர்மலையில் இருப்பவருக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. அவர் கேட்கிறாரே தவிர, கூடச் சேர்ந்து அடிக்கவில்லை. ஒரு காலத்தில் விடியுமுன் பிரட்டுக்கு ஆட்களை அழைத்ததும் தப்புத்தான். அந்தச் செய்திக்கும் இரண்டு செக்கன் ஒரு பொருட்டல்ல.

சேர்ந்து அடிப்பவருக்குப் பத்து மில்லிசெக்கன் சரி, நூறு சரியில்லை. கேட்பவருக்கு இரண்டாயிரமும் சரிதான். கணினியிலும் கைப்பேசியிலும் ஒலி பிந்தி வரும் சிக்கல் முழுவதையும் இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டே விளங்கிக்கொள்ளலாம்.

தாள வாத்தியச் செயலி ஒன்றைப் பழைய, விலை குறைந்த கைப்பேசியில் போட்டு அடித்துப் பார்த்த பிள்ளைகளுக்கு இது தெரியும். விரல் திரையில் படுகிறது. சற்றுக் கழித்தே ஒலி வருகிறது. அந்தச் ‘சற்று’ 120 மில்லிசெக்கன் என்றால், 41 மீற்றர் தள்ளி நிற்கும் ஒருவர் அடித்தது போன்ற பிந்தல் அது. விரலுக்கும் ஸ்பீக்கருக்கும் இடையில் இருப்பதோ பத்துச் சென்ரிமீற்றர். செக்கனுக்கு எட்டு அடி விழும் வேகத்தில் ஓர் அடிக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 125 மில்லிசெக்கன். ஆகவே முதல் அடியின் ஒலி ஏறக்குறைய இரண்டாவது அடியின் இடத்தில் வந்து விழுகிறது. தாளம் தெரிந்த பிள்ளைதான் முதலில் தடுமாறும்.

அந்த நேரத்தைக் காற்று எடுத்துக்கொள்ளவில்லை. அது கருவிக்குள்ளே, வரிசையில் காத்துக் கிடந்த நேரம். அந்தக் காத்திருப்பை ஆளுவது பணிசெயல் முறைமையின் நடுப்பகுதியான கர்னல். அது அந்த வேலையை எப்படிச் செய்கிறது, சில வேளைகளில் ஏன் தவறுகிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

நிற்காத ஓட்டம்

கணினிக்குள் ஒலி என்பது எண்களின் தொடர். பெரும்பாலான கருவிகளில் செக்கனுக்கு 48,000 தடவை ஒலியின் அளவு எண்ணாகப் பதியப்படுகிறது. ஒவ்வொரு பதிவும் ஒரு மாதிரி எனப்படும். இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. ஒவ்வொன்றும் இரண்டு பைட். ஆக, ஒரு செக்கன் ஒலிக்கு 192,000 பைட். இது பெரிய சுமையல்ல. பழைய கணினிகூட இதைப்போலப் பல மடங்கை நகர்த்தும்.

சிக்கல் அளவில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. எண்ணை மின்னழுத்தமாக மாற்றி ஸ்பீக்கருக்கு அனுப்பும் சில்லு ஒரு குவார்ட்ஸ் படிகத்தின் துடிப்புக்கு நடக்கிறது. ஏறத்தாழ 21 மைக்ரோசெக்கனுக்கு ஒருமுறை அடுத்த எண் அதற்கு வேண்டும். அது யாருக்காகவும் நிற்காது. மறுபுறத்தில் இருக்கும் கணினியின் மையச் செயலியோ ஒரே சமயத்தில் நூறு வேலை பார்க்கிறது. திரையை வரைய வேண்டும், வைஃபை பொட்டலங்களை வாங்க வேண்டும், வட்டில் எழுத வேண்டும். 21 மைக்ரோசெக்கனுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வர அதனால் முடியாது. ஆகவே எண்களை முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சேமிப்பிடந்தான் பஃபர்.

தோட்டத்து ஸ்டோரில் வேலை செய்தவர்களுக்கு இது புதிதல்ல. டிரையர் ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ரோலரிலிருந்து வரும் அரைபட்ட கொழுந்து அப்படி ஒரே சீராக வராது. டிரையரின் தட்டில் இடைவெளி விழுந்தால் சூடு மாறி, அடுத்து வரும் தூள் கெடும். அதற்குப் பயந்து கொழுந்தை மிதமிஞ்சிக் குவித்துக் காக்க வைத்தால் நொதிப்பு மீறி, ஊவாத் தேயிலைக்கே உரிய மணம் போய்விடும். கையிருப்பு குறைந்தாலும் நட்டம், கூடினாலும் நட்டம். கர்னலின் ஒலிப் பகுதி ஒவ்வொரு கணமும் போடுவது இதே கணக்குத்தான். கையிருப்பு தீர்ந்தால் ஒலி வெட்டுப்படும். கூடினால் ஒலி பிந்தும்.

வளையமும் தவணையும்

பஃபர் ஒரு வளையம்போல வேலை செய்கிறது. பாட்டுச் செயலி ஓரிடத்தில் எழுதிக்கொண்டே போகும். ஒலி அட்டை பின்னாலிருந்து படித்துக்கொண்டே வரும். கடைசியை அடைந்ததும் இரண்டும் மறுபடி தொடக்கத்துக்குத் திரும்பும். படிக்கும் வேலைக்கு மையச் செயலியின் உதவி தேவையில்லை. நினைவகத்திலிருந்து நேரடியாக எடுத்துக்கொள்ளும் தனி வன்பொருள் வழி உண்டு.

இந்த வளையம் சில துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு துண்டையும் இங்கே தவணை என்று சொல்வோம். ஒலி அட்டை ஒரு தவணையைப் படித்து முடித்ததும் ஒரு குறிப்பை எழுப்புகிறது. தொழிலில் அதை இன்டரப்ட் என்பார்கள். கர்னல் உடனே செய்துகொண்டிருப்பதை விட்டு, ‘ஒரு தவணை காலி, நிரப்பு’ என்று பாட்டுச் செயலியை எழுப்பிவிடுகிறது. செயலி எழுந்து அடுத்த தவணைக்கு உரிய எண்களை எழுதிவிட்டு மறுபடி தூங்கப் போகிறது.

இப்போது எண்களைப் பாருங்கள். ஒரு தவணை 1,024 மாதிரிகள் என்றால் அது 21 மில்லிசெக்கன் ஒலி. 256 என்றால் 5.3 மில்லிசெக்கன். 64 என்றால் 1.3 மில்லிசெக்கன். குறைந்தது இரண்டு தவணையாவது வேண்டும். ஒன்றைப் படிக்கும்போது மற்றதை எழுத வேண்டுமே. 1,024 வீதம் இரண்டு தவணை நிரம்பியிருந்தால் இப்போது எழுதும் ஒலி 43 மில்லிசெக்கன் கழித்துத்தான் வெளியே வரும். 256 வீதம் இரண்டு என்றால் 10.7 மில்லிசெக்கன். அது காமன் கூத்து வட்டத்தின் அகலம்.

அப்படியானால் எல்லாக் கணினியிலும் 64-ஐ வைத்துவிட்டால் என்ன? 1,024 மாதிரித் தவணைக்குச் செயலி செக்கனுக்கு 47 தடவை எழுந்தால் போதும். 64 என்றால் 750 தடவை எழ வேண்டும். ஒவ்வொரு விழிப்பும் மின்சாரத்தைத் தின்கிறது. கைப்பேசியின் பற்றரி நாள் முழுக்க நிற்பதற்குக் காரணமே அதன் மையச் செயலி இடையிடையே ஆழ்ந்து தூங்குவதுதான். செக்கனுக்கு 750 தடவை தட்டி எழுப்பினால் அந்தத் தூக்கம் இல்லை. இதைவிடப் பெரிய காரணம் இன்னொன்று: எழுப்பிய உடனே செயலி எழுந்து வரும் என்பது நிச்சயமில்லை.

வேகமல்ல, தவறாமை

தவணை 256 மாதிரி என்றால் செக்கனுக்கு ஏறத்தாழ 188 தடவை செயலி குறித்த நேரத்துக்குள் வந்தாக வேண்டும். பத்தாயிரத்தில் ஒருமுறை மட்டும் அது பிந்துகிறது என்று வைத்துக்கொள்வோம். பரீட்சையில் இது 99.99 வீதம். காதிலோ 53 செக்கனுக்கு ஒருமுறை ‘டப்’ என்று ஒரு வெடிப்பு. அரை மணி நேரக் கச்சேரியில் முப்பதுக்கு மேற்பட்ட வெடிப்புகள். யாரும் இதை நல்ல ஒலி என்று சொல்ல மாட்டார்கள்.

கர்னலை எழுதுகிறவர்கள் நெடுங்காலம் சராசரி வேகத்தையே பார்த்தார்கள். ஒரு மணி நேரத்தில் எத்தனை கோப்பு நகர்ந்தது, எத்தனை வலைப்பக்கம் போனது என்பதே அளவுகோல். ஒலிக்கு அந்த அளவுகோல் உதவாது. ஒலிக்கு வேண்டியது மிக மோசமான தருணத்திலும் தவறாத நேரம். சராசரியில் பத்து மடங்கு வேகமான கணினி, நாளுக்கு நூறு தடவை 20 மில்லிசெக்கன் மறந்து நின்றால், அது இசைக்கு உதவாத கணினி.

அது ஏன் மறந்து நிற்கிறது? லினக்ஸ் என்ற பணிசெயல் முறைமையின் பழைய கர்னல் ஒரு வேலையை உள்ளே தொடங்கிவிட்டால் அதை முடிக்கும் வரை வேறெதற்கும் இடம் விடாது. பெரிய கோப்பொன்றை அழிக்கச் சொன்னால், அழித்து முடியும் வரை ஒலிச் செயலி வாசலில் நிற்க வேண்டியதுதான். லினக்ஸில் இசை செய்தவர்கள் 2000-ஆம் ஆண்டளவிலேயே இதைச் சுட்டிக்காட்டி, தாமதம் குறைந்த கர்னல் வேண்டும் என்று கோரினார்கள். அன்ட்ரூ மோர்ட்டன் நீண்ட வேலைகளுக்கு நடுநடுவே இடைவெளி விடும் திருத்தங்களைச் செய்தார். ரொபர்ட் லவ், கர்னலுக்குள் ஓடும் வேலையையும் பாதியில் நிறுத்தி முக்கியமான வேலைக்கு இடம் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். 2003 டிசெம்பரில் வந்த 2.6 பதிப்பில் அந்த முறை இருந்தது. செக் நாட்டின் யாரொஸ்லாவ் கிசெலா 1998-இல் தொடங்கிய அல்சா என்ற புதிய ஒலி அமைப்பும் அதே பதிப்பில் இடம்பெற்றது. இன்று லினக்ஸ் கணினிகளில் ஒலி அட்டையோடு பேசுவது அல்சாதான்.

அதோடு முடிந்துவிடவில்லை. இங்கோ மோல்னார், தோமஸ் கிளைக்ஸ்னர் முதலியோர் இன்னும் ஆழமாகப் போனார்கள். கர்னலுக்குள் இருக்கும் பூட்டுகளையும் இன்டரப்ட் வேலைகளையுமே இடையில் நிறுத்தக்கூடியவையாக மாற்றும் பணி அது. ஏறத்தாழ இருபது ஆண்டு அது தனித் திருத்தத் தொகுப்பாகவே வளர்ந்தது. 2024 செப்டெம்பரில் முதன்மை லினக்ஸில் முழுமையாகச் சேர்க்கப்பட்டு, அந்த நவம்பரில் 6.12 பதிப்போடு வெளிவந்தது. தொழிற்சாலை இயந்திரங்களும் மருத்துவக் கருவிகளும் இதனால் பயன் பெறுகின்றன. அந்தப் பயணத்தில் முதலில் குரல் எழுப்பியவர்களில் இசைக்காரர்களும் இருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது.

பூட்டிக்கொண்டு போனவர்

முன்னுரிமை கொடுத்தால் மட்டும் போதுமா? போதாது. ஒலி வேலைக்கு மிக உயர்ந்த முன்னுரிமை கொடுத்திருக்கிறோம். அதற்கு ஒரு தரவு வேண்டும். அந்தத் தரவைக் குறைந்த முன்னுரிமையுள்ள ஒரு வேலை பூட்டி வைத்திருக்கிறது. நடுத்தர முன்னுரிமையுள்ள மூன்றாவது வேலை வந்து மையச் செயலியைப் பிடித்துக்கொள்கிறது. கீழே இருப்பது ஓட முடியாததால் பூட்டைத் திறக்கவில்லை. பூட்டுத் திறக்காததால் மேலே இருப்பது நிற்கிறது. முக்கியமான வேலை, முக்கியமற்ற ஒன்றுக்காகக் காத்திருக்கிறது.

1997-இல் செவ்வாயில் இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர் கலத்தில் இதே கோளாறு ஏற்பட்டு, அதன் கணினி திரும்பத் திரும்பத் தன்னையே அணைத்து மறுதொடக்கம் செய்தது. பூமியிலிருந்தபடியே பொறியியலாளர்கள் அதைத் திருத்தினார்கள். திருத்தம் எளிமையானது: பூட்டை வைத்திருக்கும் வேலைக்கு, அதற்காகக் காத்திருப்பவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாகக் கடன் கொடுப்பது. அது விரைந்து முடித்துப் பூட்டைத் திறந்துவிடும். லினக்ஸின் நிகழ்நேரக் கர்னலும் இதே வழியைப் பின்பற்றுகிறது.

இன்னொரு பொறி நினைவகத்தில் இருக்கிறது. நினைவகம் நெருக்கடியானால் கர்னல் சில பகுதிகளை வட்டுக்குத் தள்ளிவிடும். பாடசாலை ஆய்வுகூடங்களில் இன்னும் இருக்கும் சுழலும் வட்டுகளில் ஒரு தகவலைத் தேடி எடுக்கவே ஏறத்தாழ பத்து மில்லிசெக்கன் ஆகும். 5.3 மில்லிசெக்கன் தவணைக்கு அது மரண அடி. ஆகவே நல்ல ஒலிச் செயலிகள் தமக்குரிய நினைவகத்தை வட்டுக்குத் தள்ளக் கூடாது என்று கர்னலிடம் முன்கூட்டியே சொல்லிப் பூட்டிவைக்கின்றன.

யாருக்கு எவ்வளவு?

மறுபடி எதிர்மலைக்கு வருவோம். பாட்டுக் கேட்பவருக்கு இரண்டு செக்கன் தாமதம் தெரியாது. லென்னார்ட் பொட்டரிங் 2004-இல் தொடங்கிய பல்ஸ்ஓடியோ என்ற ஒலிச் சேவையகம் இதைப் பயன்படுத்திக்கொண்டது. 2008-இல் அது ஒலி அட்டையின் இன்டரப்டை நம்பாமல் கணினியின் கடிகாரத்தை நம்பும் முறைக்கு மாறியது. கேட்பதற்கு மட்டும் என்றால் இரண்டு செக்கன் வரை ஒலியை நிரப்பிவிட்டு மையச் செயலியைத் தூங்க விடும். நடுவில் யாராவது ஒலியளவைக் கூட்டினால், எழுதியதை அழித்து மறுபடி எழுதும். பற்றரியும் மிஞ்சுகிறது, வெட்டும் விழுவதில்லை.

படம் பார்ப்பவரின் தேவை வேறு. அவருக்குத் தாமதம் குறைவாக இருக்க வேண்டியதில்லை. எவ்வளவு என்று சரியாகத் தெரிந்தால் போதும். ஒலி 200 மில்லிசெக்கன் பிந்தும் என்று கர்னல் உண்மையாகச் சொன்னால், படத்தையும் 200 மில்லிசெக்கன் பிந்திக் காட்டலாம். உதடும் சொல்லும் ஒன்றாகிவிடும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை, ஒலி 45 மில்லிசெக்கன் முந்தினாலே பார்ப்பவர் கவனித்துவிடுவார் என்கிறது. பிந்தினால் 125 வரை கவனிக்க மாட்டார். இந்த ஏற்றத்தாழ்வு இயற்கையானது. எதிர்ச்சரிவில் மரம் வெட்டுபவரின் கோடரி முதலில் விழுகிறது, சத்தம் பிறகு வருகிறது. பிந்தும் ஒலிக்கு நம் மூளை பிறந்தது முதல் பழகியிருக்கிறது. முந்தும் ஒலியை உலகில் எங்கும் அது கண்டதில்லை.

மூன்றாமவர் கூடச் சேர்ந்து வாசிப்பவர். அவருக்குக் குறைவான தாமதமே வேண்டும், வேறு மாற்றில்லை. போல் டேவிஸ் உருவாக்கிய ஜாக் என்ற சேவையகம் இவருக்காகவே வந்தது. ஆனால் ஒரே கணினியில் பல்ஸ்ஓடியோவும் ஜாக்கும் ஒத்துப்போவது கடினம். விம் டேமன்ஸ் உருவாக்கிய பைப்வயர் இரண்டையும் இணைத்தது. எந்தச் செயலிக்கு எவ்வளவு தாமதம் வேண்டும் என்று அதுவே கேட்டறிந்து, தேவைப்படும்போது தவணையைச் சுருக்கி, தேவையில்லாதபோது நீட்டுகிறது. 2021 ஏப்ரலில் வந்த ஃபெடோரா 34 என்ற லினக்ஸ் வெளியீடு அதை இயல்புநிலை அமைப்பாக ஏற்றுக்கொண்டது.

இந்த மூன்றாம் வகையில் இசைக்காரர்கள் மட்டும் இல்லை. பார்வையற்ற ஒருவர் திரைவாசிப்பான் கொண்டு கணினியில் தமிழ் எழுதும்போது, ஒவ்வொரு விசைக்கும் எழுத்தின் பெயர் ஒலியாக வர வேண்டும். ஈஸ்பீக் போன்ற இலவசப் பேச்சு இயந்திரங்கள் தமிழையும் பேசுகின்றன. விசைக்கும் குரலுக்கும் நடுவில் கால் செக்கன் விழுந்தால், அவர் ஒவ்வோர் எழுத்துக்கும் நின்று நின்று போக வேண்டும். பார்வையுள்ளவருக்குத் திரை மங்கித் தெரிவது எப்படியோ, அவருக்கு இது அப்படி. அந்த ஒருவருக்காகவாவது ஒலித் தாமதத்தைச் சிறிய விடயம் என்று ஒதுக்கக் கூடாது.

கைப்பேசியும் கடலுக்கு அப்பாலும்

தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்குக் கைப்பேசிதான் முதல் கணினி. அண்ட்ராய்டின் அடியில் இருப்பதும் லினக்ஸ் கர்னல்தான். ஆனால் தொடக்க காலத்தில் அதன் மேல் அடுக்கடுக்காகப் பஃபர்கள் இருந்தன. நூறு மில்லிசெக்கனைத் தாண்டுவது சாதாரணமாக இருந்தது. 2012-இல் வந்த 4.1 பதிப்பில் விரைவான கலப்பு வழி ஒன்று சேர்ந்தது. 2017-இல் வந்த 8.0 பதிப்பில் ஏஓடியோ என்ற இடைமுகம் வந்தது. கருவி இடங்கொடுத்தால் செயலி நடு அடுக்குகளைத் தாண்டி, ஒலிச் சில்லு படிக்கும் வளையத்திலேயே நேரடியாக எழுதலாம். ஆக, இன்று நல்ல தாமதத்தைத் தருவது கைப்பேசியின் விலை மட்டுமல்ல. செயலியை எழுதியவர் இந்த வழியைப் பயன்படுத்தினாரா என்பதும்தான்.

புளூடூத் ஸ்பீக்கரை மாட்டினால் இந்த உழைப்பெல்லாம் வீண். ஒலியைச் சுருக்கி, அனுப்பி, அங்கே மறுபடி விரித்து, தடங்கலுக்குப் பயந்து அங்கும் ஒரு கையிருப்பை வைத்து ஓட்டுவதால் நூறு முதல் இருநூறு மில்லிசெக்கன் அல்லது அதற்கு மேலும் கூடுகிறது. பாட்டுக் கேட்க அது நல்லது. வாசிக்கப் பழகுவதற்கு ஒரு வயர் வேண்டும்.

வலையமைப்பு வழியாக மிருதங்கமோ வயலினோ கற்பவர்கள் இன்று ஏராளம். குருவும் சீடரும் ஒன்றாகத் தாளம் போட முடிவதில்லை என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரியும். பதுளையிலிருந்து சென்னைக்கு வான்வழித் தூரம் ஏறத்தாழ 680 கிலோமீற்றர். கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு இரண்டு லட்சம் கிலோமீற்றர் போகிறது. நேர்கோட்டில் ஓர் இழை இருந்தால் பதுளைக்கும் சென்னைக்கும் இடையில் 3.4 மில்லிசெக்கன் போதும். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் சாஃபேயின் குழு, தனித்தனி அறைகளில் இருவரை உட்கார வைத்துக் கைதட்டச் செய்து 2004-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. தாமதம் ஏறத்தாழ 11 மில்லிசெக்கனைத் தாண்டியதும் தட்டுபவர்களின் தாளம் மெல்ல மெல்ல மந்தமானது. அதாவது, தூரத்தை மட்டும் பார்த்தால் பதுளையும் சென்னையும் சேர்ந்து வாசிக்கலாம். தடையாக நிற்பவை நடுவிலுள்ள வழிமாற்றிகளும், இரு முனைகளிலும் உள்ள கருவிகளின் பஃபர்களுமே.

ரொறன்ரோவுக்கு அப்படியில்லை. ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர் என்றால் ஒரு வழிக்கே 70 மில்லிசெக்கன். எந்தக் கர்னலும் ஒளியின் வேகத்தைக் கூட்டாது. ஆனால் பேச்சுக்கு அது தடையல்ல. ஒரு வழிக்கு 150 மில்லிசெக்கன் வரை உரையாடல் இயல்பாக ஓடும் என்கிறது அதே சர்வதேச ஒன்றியத்தின் பரிந்துரை. இயற்கை எழுபதை எடுத்துக்கொண்டால் எண்பது நம் கையில் மிஞ்சுகிறது. அதை வீணாக்காமல் இருப்பதே கருவி செய்பவர்களின் பொறுப்பு.

அளந்து பாருங்கள்

இது ஆய்வுகூடத்தில் மட்டும் அளக்கக்கூடிய ஒன்றல்ல. இரண்டு கைப்பேசியும், ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருள் உள்ள ஒரு கணினியும் போதும். முதல் கைப்பேசியில் தாளச் செயலியைத் திறந்து வையுங்கள். இரண்டாவதை அதன் பக்கத்தில் வைத்து ஒலிப்பதிவு செய்யுங்கள். முதல் கைப்பேசியின் கண்ணாடியில் விரல் நகம் ‘டிக்’ என்று கேட்கும்படி தட்டுங்கள். பதிவை ஓடாசிட்டியில் திறந்து பெரிதாக்கினால் இரண்டு மேடுகள் தெரியும்: முதலில் நகம் பட்ட ஒலி, பிறகு செயலியின் ஒலி. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரந்தான் தாமதம். 48,000 வீதத்தில் பதிந்திருந்தால் 4,800 மாதிரிகள் நூறு மில்லிசெக்கன். பதிவு செய்யும் கைப்பேசிக்கும் ஒரு தாமதம் உண்டு. ஆனால் அது இரண்டு ஒலியையும் ஒரே அளவு தள்ளுவதால் கணக்கைக் கெடுக்காது. இருபது தடவை தட்டி, சராசரியை மட்டுமல்லாமல் மிகப் பெரிய எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பெரிய எண்தான் முக்கியம்.

லினக்ஸ் கணினி இருந்தால் இன்னும் நெருங்கிப் பார்க்கலாம். பாட்டு ஓடும்போதே, ஒலி அட்டையின் தவணை எத்தனை மாதிரி, பஃபர் மொத்தம் எத்தனை மாதிரி என்பதைக் கர்னல் ஒரு சிறு உரைக்கோப்பில் எழுதிக் காட்டுகிறது. பாட்டுச் செயலியை ஓடவிட்டு ஒருமுறை, இசை உருவாக்கும் செயலியை ஓடவிட்டு ஒருமுறை அந்த எண்களைப் படியுங்கள். கர்னல் யாருக்கு எவ்வளவு கையிருப்புக் கொடுக்கிறது என்பது கண்முன் தெரியும். பத்துப் பதினைந்து ஆண்டு பழைய மேசைக்கணினியும் 256 வீதம் இரண்டு தவணைக்கு ஈடுகொடுக்கும். அதற்குப் புதிய இயந்திரம் வேண்டியதில்லை. சரியான அமைப்பு வேண்டும், அது இலவசமாகவே கிடைக்கிறது.

உயர்தர வகுப்பின் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் பணிசெயல் முறைமை ஓர் அலகு. இன்டரப்ட், முன்னுரிமை, பஃபர் எல்லாம் அதில் வரையறைகளாக வருகின்றன. பதுளை, பண்டாரவளை, பசறை, லுணுகலைப் பாடசாலைகளின் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: இந்த அலகை நடத்தும் நாளில் ஒரு தப்பையும் இரண்டு கைப்பேசியையும் வகுப்புக்குள் கொண்டுவாருங்கள். மாணவர்கள் அளக்கட்டும், வரைபு போடட்டும், தங்கள் செயலி ஏன் பிந்துகிறது என்று காரணம் தேடட்டும். லினக்ஸ் கர்னலின் மூல நிரல் முழுவதும் திறந்து கிடக்கிறது. அதைப் படிக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, திருத்தம் அனுப்பவும் ஊர் பார்ப்பதில்லை. தாளத்தில் விழும் சிறு பிசகைக் காதால் கண்டுபிடிக்கக்கூடிய பிள்ளைகள் ஊவாத் தோட்டங்களில் இருக்கிறார்கள். அந்தப் பிசகைத் திருத்தும் கல்வியை அவர்களுக்குக் கொடுப்பது நம் கடமை.